டிரைவரம்மாவின் படகுக்கு நான் விளக்கு போட்ட லட்சணம்

என் மனைவி படகு ஓட்டுகிறாள். இதைச் சொன்னதும் கேட்பவர்கள் என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். "அப்ப நீங்க என்ன பண்றீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். படகுகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன் என்பேன். "ஓ, அவங்க படகுலயா?" என்பார்கள். ஆமாம் என்றால் மானம் போகும், இல்லை என்றால் பொய்யாகிவிடும். எனவே அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிடும்.

துறையில் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர், எனக்கு வெளிச்சம் என்று பெயர். அவளுடையது மரியாதையாக வந்தது. என்னுடையது நான் வாயால் சம்பாதித்தது. பழைய குண்டு பல்பைத் தூக்கிப் போடுங்கள், எல்.இ.டி.க்கு மாறுங்கள் என்று நான் உபதேசம் செய்யாத ஆள் அந்தக் கரையில் கிடையாது. டிக்கெட் வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர், யாரையும் விட்டதில்லை. கல்யாணத்துக்கு அழைக்க வந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டுக் களைத்துப்போய், பத்திரிகையைக் கொடுக்காமலே எழுந்து போனார்.

அவளை நான் முதன்முதலில் பார்த்ததும் என் தொழில் திறமையால்தான். அவள் அப்பாவின் படகில் ஹாரன் அடிக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். சரிசெய்தேன். ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தத் தெரியாமல் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள், பேட்டரிக் கம்பியைக் கழற்றினாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கு என்னிடம் என்ன பிடித்தது என்று இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம்.

அவள் அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போனபோது, படகை இனி யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. மகன் இருக்கிறானே என்று எல்லோரும் என் மச்சினனைப் பார்த்தார்கள். மச்சினன் தண்ணீரைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவன். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாள், முதல் தடவையிலேயே தேறினாள். அதே வருஷம் நான் எலக்ட்ரீஷியன் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருந்தேன். மச்சினன் இப்போது அக்காவின் படகில்தான் டிக்கெட் கிழிக்கிறான். ஆற்றின் பக்கம் திரும்பாமல், பயணிகளின் முகத்தை மட்டும் பார்த்தபடி.

ஆறு எங்கள் ஊரருகே கடலில் சேர்வதற்கு முன் அகன்று கிடக்கிறது. இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் ஆலைகளும் ஆஸ்பத்திரியும். பகலில் படகில் போகிறவர்கள், மாலை ஷிப்ட் முடிந்து வரும்போது படகு இருக்காது. பஸ் பிடித்து, எங்கோ மேலே இருக்கும் பாலத்தைச் சுற்றி, பாதி தூக்கத்தில் வீடு வந்து சேர்வார்கள். இருட்டிய பிறகு எங்கள் படகை ஓட்ட முடியாததற்குக் காரணம் விளக்கு. படகில் ஒரே பேட்டரி. எஞ்சினைக் கிளப்புவதும் அதுதான், விளக்குக்கு மின்சாரம் கொடுப்பதும் அதுதான். துறையில் ஆள் ஏறும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. விளக்குகளோ எரிய வேண்டும். குண்டு பல்புகள் அந்தக் கொஞ்ச நேரத்தில் பேட்டரியை உறிஞ்சிவிடும். எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். போதாததற்கு எஞ்சின் அதிர்வில் பல்புக்குள் இருக்கும் இழை வாரம் தவறாமல் அறுந்துபோகும். பல்புச் சூட்டில் மேலே இருந்த மூடிகளெல்லாம் பழுப்பேறி உருகிப்போயிருந்தன.

இந்த நிலையில்தான் துறைமுக அலுவலகம் சாயங்கால டிரிப் விடப் போவதாக அறிவித்தது. போட்டிக்கு இருந்தது ஒரே ஒரு படகு, அக்கரைக்காரரின் பெரிய லாஞ்ச். எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. முதலில் எங்கள் படகைச் சோதிப்பார்கள். தேறினால் டிரிப் எங்களுக்கு, இல்லையென்றால் லாஞ்சுக்கு.

"சாயங்கால டிரிப் அவங்களுக்குப் போச்சுன்னா, பகல் டிரிப்பும் கூடவே போயிடும்" என்றாள் அவள். "ரெண்டு படகு எதுக்குன்னு ஒரு நாள் கேப்பாங்க. அப்புறம் நான் கரையில உக்காந்து உங்க பிரசங்கத்தைத்தான் கேக்கணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. படகு போனால் அவளுக்கு வேறொன்றும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருமானத்தைச் சொல்லவில்லை. காலையில் எழுந்து அவள் போகும் வேகம் இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

"என்கிட்ட விடு" என்றேன். இந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் பதறிப்போவார்கள்.

எங்கள் தொழிலில் எந்த வேலையை ஆரம்பித்தாலும் முதலில் செய்ய வேண்டியது, நமக்கு முன்னால் வேலை செய்தவனைத் திட்டுவது. படகில் வயர்களை மூடியிருந்த பலகையைக் கழற்றியதும் நான் திட்ட ஆரம்பித்தேன். உள்ளே இருந்த வயர்கள் அத்தனையும் கறுப்பு. எது பிளஸ், எது மைனஸ் என்று கண்டுபிடிக்க வழியில்லை. குண்டு பல்புக்கு எப்படிக் கொடுத்தாலும் எரிந்துவிடும். எல்.இ.டி. அப்படியல்ல, மாற்றிக் கொடுத்தால் வாயே திறக்காது. நான் போட்டவற்றில் பாதி எரியவில்லை.

"எந்த முட்டாள்டா இப்படி வயரிங் பண்ணி வெச்சிருக்கான்? ஒரே கலர்ல இழுத்திருக்கானே, அறிவு வேணாம்? இவனுக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது?"

மச்சினன் டிக்கெட் கட்டை எண்ணுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கப்பாதான் குடுத்தாரு, அத்தான். உங்க கல்யாணத்துக்கு முன்னாடி. ஒரு சுருள் கறுப்பு வயர் மிச்சம் இருக்குன்னு நீங்கதான் கொண்டு வந்தீங்க."

அதற்குப் பிறகு அன்று முழுவதும் நான் மிகவும் அமைதியாக வேலை செய்தேன். ஒவ்வொரு வயராகச் சோதித்து, சிவப்பு நாடா சுற்றி, பிழைகளைத் திருத்தினேன். விளக்குகள் எரிந்தன. மீட்டரைப் பார்த்தேன். பழைய பல்பு ஒன்று குடித்த மின்சாரத்தில் புதியவை ஏழெட்டு எரிந்துகொண்டிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு மிச்சமாகிறதே, இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன? பயணிகள் உட்காரும் இடத்தில் கூடுதலாகப் போட்டேன். ஏணிப்படியில் போட்டேன். கடைசியில் மனைவிமேல் இருக்கும் பிரியத்தில் அவள் நிற்கும் கேபினுக்குள், கூரையைச் சுற்றிலும் பளீரென்று வெள்ளைப் பட்டை விளக்கு ஒட்டினேன். ஆச்சரியப்படட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

பொழுது சாய்ந்ததும் வெள்ளோட்டம். கேபினுக்குள் எல்லாவற்றையும் போட்டேன். நகைக்கடை மாதிரி ஜொலித்தது. அவள் ஸ்டியரிங்கில் கை வைத்து முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வந்து நில்லுங்க. முன்னாடி கண்ணாடியில என்ன தெரியுது?"

"நீ தெரியுற. பக்கத்துல நான் தெரியுறேன்" என்றேன். "நல்லாத்தான் இருக்கோம்."

"ஆறு எங்க?"

பார்த்தேன். ஆறு இல்லை. அக்கரை இல்லை, மிதவைகள் இல்லை. கண்ணாடி முழுக்க நாங்கள் இருவரும், எங்கள் தலைக்கு மேல் என் பட்டை விளக்கும்தான் இருந்தோம்.

"நான் வெளிய பாத்து ஓட்டணுமா, உங்க மூஞ்சியைப் பாத்து ஓட்டணுமா? உள்ள இருட்டா இருந்தாத்தாங்க வெளிய தெரியும். இத்தனை வருஷமா அந்தக் கரையைப் பகல்ல பாத்தே ஓட்டியாச்சு. இனிமே ராத்திரியில பாக்கணும்னா என் கண்ணு இருட்டுக்குப் பழகணும். எல்லாத்தையும் பிடுங்குங்க."

பிடுங்கினேன். திசைகாட்டியின் மேல் மங்கலாக ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் வைத்தேன். அவள் தலையாட்டினாள். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவன், அந்தப் படகில் உருப்படியாகச் செய்த முதல் காரியம் ஒரு அறையை இருட்டாக்கியது.

சோதனை நாள் வந்தது. துறைமுக அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் மெலிந்த மனிதர். படகில் ஏறியதிலிருந்து இரு கைகளாலும் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தார். பொழுது மங்கும் நேரத்தில் கிளம்பினோம். அவள் கேபினில். மச்சினன் வழக்கம்போல ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் ஆய்வாளரின் பக்கத்தில். வசமாக மாட்டிக்கொண்ட ஆள் அவர், எங்கும் எழுந்து போக முடியாது.

"தொட்டுப் பாருங்க சார், சுடவே சுடாது. அதிர்வுல இழை அறுந்துடும்கற பேச்சே இல்ல, உள்ள இழையே கிடையாது. பேட்டரியைப் பாருங்க, முள்ளு அசையுதா? அசையல."

அவர் ஒரு கையை விட்டு, தொட்டுப் பார்த்து, அவசரமாக மீண்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அக்கரையில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். எல்லா விளக்கும் எரிய, ஆள் ஏறி முடிக்கும் நேரத்தைவிட அதிகமாகவே காக்க வைத்தார். பிறகு கிளப்பச் சொன்னார். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முனகவில்லை, முதல் திருப்பிலேயே எழுந்தது. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். என் உபதேசம் பலித்த முதல் படகு, என் மனைவியின் படகு!

நடு ஆற்றுக்கு வந்ததும், "வயர்லெஸ்ல ஆபீஸைக் கூப்பிடுங்கம்மா" என்றார்.

கூப்பிட்டாள். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோலச் சத்தம் வந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். மழை இன்னும் வலுத்தது. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிந்தது, ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆய்வாளர் என்னைப் பார்த்தார். எனக்கு இருமல் வந்தது.

"ஏங்க, விளக்கை ஒவ்வொண்ணா அணைங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பயணிகள் பக்கத்து விளக்குகளை அணைத்தேன். மழை நிற்கவில்லை. ஏணிப்படி விளக்கு, பக்க விளக்குகள், பின்பக்க விளக்கு, எதற்கும் அசையவில்லை. கடைசியாகக் கம்பத்து உச்சி விளக்கை அணைத்தேன். "...கேக்குதா, கேக்குதா?" என்று அலுவலகக் குரல் பளிச்சென்று வந்தது. மீண்டும் போட்டேன், மழை.

படகுக்கென்று செய்த நல்ல எல்.இ.டி.யாக இருந்தால் இந்தத் தொல்லை வராது. நான் கம்பத்தில் மாட்டியிருந்தது எங்கேயோ மலிவாகப் பிடித்தது. அதன் அடிப்பகுதியில் இருக்கும் சர்க்யூட் வயர்லெஸுக்குள் சத்தம் போடும் சாதி. அதையும் நான் எங்கே மாட்டியிருக்கிறேன் என்றால், வயர்லெஸ் ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தள்ளி. ஹாரனிலிருந்து என் ஜாதகம் அப்படி, எதைத் தொட்டாலும் சத்தம்.

"கம்பத்து விளக்கு இல்லாம படகு விட முடியாது. வயர்லெஸ் இல்லாமலும் விட முடியாது" என்றார் ஆய்வாளர். கோபமில்லாமல்தான் சொன்னார். "ரெண்டுல ஒண்ணுதான் வேலை செய்யும்னா நான் என்ன எழுத முடியும், சொல்லுங்க?"

கேபின் பக்கம் திரும்பினேன். கேபினுக்குள் அவள் முகம் தெரியவில்லை, நான் செய்துகொடுத்த இருட்டு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. பழைய பல்பு ஒன்று மட்டும் கையில் இருந்தால் அதே இடத்தில் திருகிவிடலாம், மற்றதெல்லாம் எல்.இ.டி. என்பதால் ஒன்றே ஒன்றைப் பேட்டரி தாங்கும். ஆனால் பழைய பல்புகள் அத்தனையையும் ஊரறியக் குப்பையில் கொட்டியது நானேதான், கைதட்டச் சொல்லிக் கேட்காத குறையாக.

மச்சினன் டிக்கெட் பைக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய எதையோ எடுத்தான். குண்டு பல்பு.

"அக்காதான் எடுத்து வெச்சுக்கச் சொன்னா" என்றான், மிகவும் சங்கடத்தோடு. "அத்தான் வேலைன்னா எதுக்கும் ஒண்ணு கையில இருக்கட்டும்னு."

வாழ்க்கையில் ஒரு மனிதன் இதைவிடச் சந்தோஷமாக அவமானப்பட முடியாது.

யாராவது மேலே ஏற வேண்டும். மச்சினன் என்றால் ஆற்றைப் பார்க்க வேண்டிவரும். நான் கேபின் கூரையில் தொற்றி ஏறினேன், அங்கிருந்து கம்பத்தின் படிக்கம்பிகளில் கால் வைத்தேன். என் தொப்பை எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டபோதுதான் பார்த்தேன், அந்தப் பெரிய லாஞ்ச் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அது கிளப்பிய அலை, கறுப்பு மேடு மாதிரி எங்களை நோக்கி வந்தது. கீழே ஒரு முழம் சாய்ந்தால் மேலே ஒரு ஆள் உயரம் வீசியடிக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஏங்க!" கீழேயிருந்து அவள் குரல். "அலையைப் பாக்காதீங்க. பல்பை மட்டும் பாருங்க. படகை நான் பாத்துக்கறேன்."

எஞ்சின் சத்தம் ஒரு படி கூடியது, பிறகு ஒரு படி குறைந்தது. படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்புகிறாள் என்று புரிந்தது. படகு மெல்ல எழுந்தது, மெல்ல இறங்கியது. மறுபடி எழுந்தது, இறங்கியது. பக்கவாட்டில் ஆடவேயில்லை. நான் கண்ணைத் திறந்து, சனியன் பிடித்த எல்.இ.டி.யைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய பல்பைத் திருகினேன். கை நடுங்கவில்லை. என் கை நடுங்காமல் இருந்ததற்கு என் கை காரணமல்ல.

இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவள் படகில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஏறியதும் யாரையாவது பிடித்து விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்துவிடுவேன். அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. அன்று அந்தக் கம்பத்து உச்சியில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கவனித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மேலே யாரும் பார்க்கவில்லை என்பதால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பல்பு மஞ்சளாக எரிந்தது. வயர்லெஸில், "டிரைவரம்மா, இப்ப நல்லாக் கேக்குது" என்றது அலுவலகக் குரல். ஆய்வாளர் பேட்டரி முள்ளைப் பார்த்தார், மயிரிழைதான் இறங்கியிருந்தது. இறங்கி வந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"எலக்ட்ரீஷியன் யாரும்மா, வெளி ஆளா?" என்று கேபின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"என் வீட்டுக்காரர் சார்" என்றாள். "கொஞ்சம் பேசுவார். ஆனா அவர் போட்ட விளக்கை நம்பித்தான் நான் இருட்டுல ஓட்டப் போறேன்."

சாயங்கால டிரிப் எங்களுக்குக் கிடைத்தது. முதல் நாள் நானும் ஏறிக்கொண்டேன், பயணிகள் விளக்கைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்க. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அக்கரையில் ஷிப்ட் முடிந்த கூட்டம் நின்றிருந்தது. எஞ்சின் நிறுத்தப்பட்டது, விளக்குகள் எரிந்தன, ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மா ஓடிவந்து நின்றார். மச்சினன் தலைகளை எண்ணினான், அக்காவிடம் ஏதோ சொன்னான்.

"ஏங்க" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "ஒரு ஆள் கூடுதலா இருக்கு. நீங்க இறங்கிக்கங்க. அடுத்த டிரிப்புல வந்து ஏத்திக்கறேன்."

இறங்கினேன். அந்த அம்மா என் இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். எஞ்சின் முதல் திருப்பிலேயே எழுந்தது, படகு கிளம்பியது. அதன் பின்பக்க வெள்ளை விளக்கு சின்னதாகிச் சின்னதாகி, எங்கள் கரையின் வெளிச்சங்களோடு கலந்துவிட்டது. துறையில் நான் தனியாக நின்றேன். கைக்கு எட்டிய தூரத்தில் உபதேசம் செய்ய ஒரு ஆள் இல்லை. நன்றாக இருட்டிவிட்டது, காற்று குளிர்ந்தது, படகு வரவில்லை என்றால் பாலத்தைச் சுற்றிப் போக வேண்டியதுதான். படகுக்காக இங்கே நிற்பவர்கள் எதற்காக ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அப்போது தெரிந்தது.

வெகுநேரம் கழித்து நடு ஆற்றில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. படகின் வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு. பச்சை மட்டும் தெரிந்தால் படகு குறுக்கே போகிறது என்று அர்த்தம். யாருடைய படகோ, எங்கேயோ போகிறது என்று நினைத்தேன். அப்போது பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பும் தெரிந்தது. மேலே மஞ்சளாக ஒரு பொட்டு, நான் திருகிய அந்தப் பழைய பல்பு. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் படகு நேராக நம்மை நோக்கி வருகிறது. அத்தனை விளக்கையும் மாட்டியவன் நான், அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் கரையில் நின்று, எனக்காக வருகிறது என்று பார்த்தது அதுதான் முதல் தடவை. கையை உயர்த்தி ஆட்டினேன். துறையில் ஒரு விளக்குகூட இல்லை, அவளுக்கு நான் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் படகு திரும்பாமல், அசையாமல் நேராக வந்துகொண்டிருந்தது.